அம்மாவின் கேசட்டுகளும் 4096 என்ற எண்ணும்



சென்ற பொங்கல் விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, எதிர் வரிசையில் இருந்த ஓர் அம்மையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், எங்க மாமனார் பாடின கேசட் ஏழெட்டு இருக்கு. கடையில கொடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தலாம்னு பார்த்தா, எம்.பி.3-ஆ, ஃபிளாக்கானு கேட்கறான். ஃபிளாக்னா பிளாக் சைஸ் எவ்வளவுங்கறான். நான் என்னத்தைக் கண்டேன்?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குத் தவறான விடை சொல்லி அவதிப்பட்டவன் நான். இதைக் கேட்டுக்கொண்டிருந்த நம் இதழின் ஆசிரியர் குழு நண்பர், "அதையே ஒரு கட்டுரையாக எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அதன் விளைவே இது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. மின்னணுவியலில் டிப்ளமோ முடித்து, 1981-இல் ரயில்வேயில் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்து, நாக்பூர் பக்கமே பெரும்பாலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆகவே எனக்குப் புரிந்த வழியில், ரயில்வே பாஷையில்தான் சொல்ல முடியும். பொறுத்தருள்க.

கேசட்டில் வந்த கடிதங்கள்

என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிராமம். நான் வேலைக்கு இங்கே வந்த புதிதில், ஊரிலிருந்து வரும் கடிதங்களை யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுப்பவர் தம் சொந்த நடையில் "இவ்விடம் யாவரும் நலம்" என்று முடித்துவிடுவார். அதில் அம்மா இருக்க மாட்டார்.

1983-இல் பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். அதிலிருந்து வழி பிறந்தது. அம்மா அதன் முன் உட்கார்ந்து பேசுவார். அந்தக் கேசட்டை, சென்னையிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். நான் நாக்பூர் ஸ்டேஷனில் போய் வாங்கிக்கொள்வேன். மாடு கன்று போட்டது, தங்கைக்கு வரன் பார்ப்பது, வாய்க்காலில் தண்ணீர் வந்தது, வராதது எல்லாம் அதில் இருக்கும். நடுவே சேவல் கூவும். ஒவ்வொரு புதுச் செய்திக்கும் முன்னால் "தம்பி" என்று ஒருமுறை கூப்பிடுவார். 1991 வரை பதினோரு கேசட்டுகள் வந்தன. அடுத்த ஆண்டு அம்மா காலமாகிவிட்டார்.

அந்தப் பதினோரு கேசட்டுகளும் இரும்பு பீரோவில் இருந்தன. எத்தனையோ குவார்ட்டர்ஸ் மாறினோம். அவையும் கூடவே வந்தன. காந்தப் பூச்சு நாளாக ஆக உதிரும். நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக, அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

எம்.பி.3 ஏன் வேண்டாம்?

எம்.பி.3 என்பது இடத்தை மிச்சம் பிடிக்க, "மனிதக் காதுக்கு இது கேட்காது" என்று தானே முடிவு செய்து, ஒலியின் ஒரு பகுதியைத் தூக்கி எறிந்துவிடும். எறிந்தது எறிந்ததுதான். திரும்பப் பெற முடியாது. பாட்டுக் கேட்க அது போதும். ஆனால் உலகத்தில் ஒரே ஒரு பிரதி உள்ள குரலை அப்படிச் செய்ய மனம் வருமா?

இதற்கு மாற்று, இழப்பில்லாத சுருக்கம். ஒரு சாக்கு நெல்லை அப்படியே வைக்காமல், காற்றை மட்டும் வெளியேற்றிக் கட்டுவதுபோல. அவிழ்த்தால் ஒரு மணிகூடக் குறையாது. இந்த வகையில் பலராலும் பயன்படுத்தப்படுவது ஃபிளாக். ஜாஷ் கோல்சன் என்பவர் 2000-ஆம் ஆண்டு இதை உருவாக்கத் தொடங்கி, 2001-இல் முதல் பதிப்பை வெளியிட்டார். இலவசம், யாருக்கும் உரிமைத்தொகை கிடையாது. 2024 டிசம்பரில் இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் அமைப்பு இதை ஆர்.எஃப்.சி. 9639 என்ற எண்ணில் முறையான ஆவணமாகவே வெளியிட்டுவிட்டது. எந்தக் கம்பெனி மூடினாலும், நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த விதியைப் படித்து இந்தக் கோப்பைத் திறந்துவிடலாம்.

"ஹார்ட் டிஸ்க் மலிவாகிவிட்டதே, சுருக்காமலே வைக்கலாமே" என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. சுருக்காத கோப்பில் ஓர் எண் கெட்டுப்போனால் அது நமக்குத் தெரியவே தெரியாது. ஃபிளாக் கோப்போ தன் உள்ளடக்கத்துக்கு ஒரு கைரேகையைத் தன்னுடனே வைத்திருக்கிறது. சோதித்துப் பார்த்தால் "சரியாக இருக்கிறேன்" என்றோ "கெட்டுவிட்டேன்" என்றோ சொல்லிவிடும். பேசியவர் பெயர், ஊர், ஆண்டு இவற்றையும் தமிழ் எழுத்திலேயே கோப்புக்குள் எழுதி வைக்கலாம். இந்த இரண்டும், இடம் மிச்சமாவதைவிடப் பெரிய லாபம் என்பது என் கருத்து.

பிளாக் என்றால் என்ன?

ரயில்வேக்காரனுக்கு இந்தச் சொல் புதிதல்ல. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள பாதையை பிளாக் செக்‌ஷன் என்போம். நீண்ட பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கையாளுவதுதான் எங்கள் பிரிவின் ஆதாரமான தத்துவம். ஃபிளாக்கும் அதையே செய்கிறது.

சி.டி. கணக்கில் ஒரு வினாடி ஒலி என்பது, ஒவ்வொரு சானலுக்கும் 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணும் 16 பிட். இந்த ஒவ்வோர் எண்ணையும் ஸாம்பிள் என்பார்கள். இந்த நீண்ட எண் வரிசையை ஃபிளாக் சம நீளத் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. ஒரு துண்டில் எத்தனை ஸாம்பிள் என்பதுதான் பிளாக் அளவு. 4096 என்று வைத்தால் ஒரு துண்டு ஏறத்தாழ 0.093 வினாடி. 1152 என்றால் 0.026 வினாடி. 16,384 என்றால் 0.37 வினாடி.

வெட்டிய பிறகு ஒவ்வொரு துண்டிலும் இரண்டு வேலை நடக்கிறது.

முதல் வேலை, ஊகம். வந்த எண்களை வைத்து, வரப்போகும் எண்ணை ஊகிப்பது. கடைசி இரண்டு எண்கள் 10, 12 என்றால், அடுத்தது 14 ஆக இருக்கலாம் என்பது எளிய ஊகம். உண்மையில் வந்தது 15 என்றால், 15-ஐ எழுதுவதற்குப் பதில் மிச்சமான 1-ஐ மட்டும் எழுதினால் போதும். படிக்கும்போது அதே ஊகத்தைச் செய்து, மிச்சத்தைக் கூட்டினால் 15 திரும்ப வந்துவிடும். துளியும் நஷ்டமில்லை. இந்த ஊக சூத்திரம் இன்னும் பல பழைய எண்களைக் கணக்கில் எடுக்கும். அந்தத் துண்டுக்கென்றே தனியாகக் கணக்கிடப்படும்.

இரண்டாவது வேலை, மிச்சங்களைச் சிக்கனமாக எழுதுவது. இதற்குப் பயன்படும் முறையை அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் ரைஸ் 1970-களில் விண்கலத் தகவல்களுக்காக உருவாக்கினார். நாம் பணம் எண்ணுவது போலத்தான். 237 ரூபாயை இரண்டு நூறு ரூபாய் நோட்டு, சில்லறை 37 என்கிறோம். நோட்டின் மதிப்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் எண்ணுவது சுலபம். பெட்டிக்கடையில் 500 ரூபாய் நோட்டும், நகைக்கடையில் 10 ரூபாய் நோட்டும் வசதிப்படாது. மிச்சங்கள் சிறியதாக இருக்கும் இடத்தில் சிறிய நோட்டு, பெரியதாக இருக்கும் இடத்தில் பெரிய நோட்டு என்று ஃபிளாக் தேர்ந்தெடுக்கிறது.

சிறிய வண்டியா, நீண்ட வண்டியா?

இப்போது விஷயத்துக்கு வருவோம். துண்டு சிறியதாக இருப்பது நல்லதா, பெரியதாக இருப்பது நல்லதா?

கூட்ஸ் வண்டி எத்தனை வேகன் ஏற்றினாலும் ஓர் இன்ஜின் வேண்டும், ஒரு டிரைவர் வேண்டும், ஒரு கார்டு வேண்டும். பத்து வேகன் வண்டிக்கும் இந்தச் செலவுதான், 58 வேகன் வண்டிக்கும் இந்தச் செலவுதான். ஃபிளாக்கின் ஒவ்வொரு துண்டுக்கும் இப்படி ஒரு நிலையான செலவு உண்டு. முன்னால் ஒரு தலைப்பு, பின்னால் பிழை காணும் எண், நடுவே ஊக சூத்திரத்தின் குணகங்கள், சூத்திரம் தொடங்குவதற்காக அப்படியே எழுதப்படும் முதல் சில ஸாம்பிள்கள். சாதாரண அமைப்பில் இரண்டு சானலுக்கும் சேர்த்து, துண்டுக்கு 75 பைட் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம்.

சுருக்காத சி.டி. ஒலி, வினாடிக்கு 1,76,400 பைட். அது சுருங்கி 1,05,000 ஆகிறது என்று வைத்துக்கொண்டு, நிலையான செலவைக் கணக்கிடலாம்.

256 ஸாம்பிள்: வினாடிக்கு 172 துண்டுகள், செலவு 12,900 பைட், நூற்றுக்கு 12.
1152 ஸாம்பிள்: வினாடிக்கு 38 துண்டுகள்; செலவு 2,870 பைட்; நூற்றுக்கு 2.7.
4096 ஸாம்பிள்: 11-க்குச் சற்றுக் குறைவு, செலவு 810 பைட், நூற்றுக்கு 0.8.
16,384 ஸாம்பிள்: 3-க்குச் சற்றுக் குறைவு, செலவு 200 பைட், நூற்றுக்கு 0.2.

இதில் ஒரு பகுதி ஒலியின் எண்களே என்பதால், உண்மை நஷ்டம் இதைவிடக் குறைவு. ஆனாலும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. 256-இலிருந்து 4096-க்குப் போவதில் பெரிய லாபம். 4096-இலிருந்து 16,384-க்குப் போவதில் அதிகபட்சம் நூற்றுக்கு அரை, முக்கால். அதற்கு மேல் மிச்சம் பிடிக்க அங்கே எதுவுமே இல்லை.

அந்த அரையும்கூடக் கைக்கு வராது. ஏன் என்றால், சூத்திரம் ஒரு துண்டுக்கு ஒன்றுதான். துண்டு நீளமானால், அதற்குள் ஒலியின் தன்மை மாறிவிடும். தம்பூராவைப் போல ஒரே சீராக ஒலிப்பதற்கு நீண்ட துண்டு நன்றாகவே பொருந்தும். தவில் தனியாக வாசிக்கும்போதோ, ஒவ்வொரு அடியும் ஒரு புது ஒலி. பேச்சு இன்னும் மோசம். "தம்பி" என்ற சொல்லில் "த" வேறு, "ம்" வேறு, "பி" வேறு. மனிதப் பேச்சு 20, 30 மில்லி வினாடிதான் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். மூன்று எழுத்துக்கும் பொதுவாக ஒரே சூத்திரம் போட்டால், எதற்குமே சரியாகப் பொருந்தாத சட்டையைத் தைத்த கதைதான். மிச்சங்கள் பெரிதாகிவிடும், நிலையான செலவில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

அப்படியானால் பேச்சுக்கு 1152 நல்லதா என்று கேட்கலாம். நானும் அப்படி நினைத்துச் செய்து பார்த்தேன். என் கேசட்டுகளில் 4096-தான் சற்றே சிறிய கோப்பைத் தந்தது. காரணம், கேசட்டின் "உஸ்ஸ்" என்ற இரைச்சல். இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது. எந்தச் சூத்திரத்தாலும் அதை ஊகிக்க முடியாது. மிச்சத்தில் பெரும்பங்கு அந்த இரைச்சல்தான். துண்டை எப்படி வெட்டினாலும் அது குறைவதில்லை. "இரைச்சலை நீக்கிவிட்டுச் சுருக்கலாமே" என்றால், மூலப் பிரதியில் அதைச் செய்யாதீர்கள். இரைச்சலோடு மெல்லிய ஓசைகளும் போய்விடும். சுத்தம் செய்வதை வேறொரு பிரதியில் செய்துகொள்ளுங்கள்.

எண் ஏன் 4096?

4000 என்று முழு எண்ணாக வைக்கக் கூடாதா என்று என் பேத்தி கேட்டாள். வைக்கலாம், ஆனால் இரண்டு சிறு நஷ்டங்கள் உண்டு.

முதலாவது, நான் சொன்ன நோட்டு மதிப்பை ஃபிளாக் ஒரு துண்டு முழுவதற்கும் ஒன்றாக வைப்பதில்லை. துண்டை 2, 4, 8, 16 என்று சம பாகங்களாகப் பிரித்து, பாகத்துக்கு ஒரு மதிப்பு வைக்கும். அம்மா பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில் சிறிய நோட்டு, உரக்கச் சொல்லும் இடத்தில் பெரிய நோட்டு. நீண்ட துண்டின் குறையை இது ஓரளவு சரிக்கட்டிவிடுகிறது. ஆனால் இதற்குத் துண்டின் நீளம் இரண்டால் பலமுறை வகுபட வேண்டும். 4096 பன்னிரண்டு முறை வகுபடும். 4000 ஐந்து முறை வகுபட்டு 125-இல் நின்றுவிடும். 4001 ஒருமுறைகூட வகுபடாது.

இரண்டாவது, 256, 512, 1024, 2048, 4096 போன்ற எண்களுக்கும், 576, 1152, 2304, 4608 என்ற எண்களுக்கும் தலைப்பில் எழுத ஏற்கெனவே குறியீடு உண்டு. வேறு எண் வைத்தால் ஒவ்வொரு தலைப்பிலும் அதைத் தனியாக எழுத வேண்டும். (1152 என்பது எம்.பி.3-இலும் ஒரு துண்டின் நீளம்.)

லூப் லைனில் அடங்காத வண்டி

இனி நான் செய்த தவறு. ஒலி 48,000 ஸாம்பிள் வேகம் வரை உள்ள கோப்புகளில் பிளாக் அளவு 4608-ஐத் தாண்டக் கூடாது, அதற்கு மேற்பட்ட வேகத்தில் 16,384-ஐத் தாண்டக் கூடாது என்று ஃபிளாக்கில் ஒரு பொது வரம்பு இருக்கிறது. இந்த வரம்புக்குள் இருந்தால் எல்லாக் கருவியும் ஒலிக்கும் என்பது எதிர்பார்ப்பு. வரம்பை மீற மென்பொருள் சாதாரணமாக அனுமதிக்காது. "மீறினாலும் பரவாயில்லை" என்று நாம் தனியாகக் கட்டளை கொடுத்தால்தான் செய்யும்.

நான் கொடுத்தேன். நீண்ட வண்டி என்றால் சிக்கனம் என்ற ரயில்வே புத்தி. பதினோரு கேசட்டையும் 44,100 வேகத்தில், 16,384 அளவில் ஏற்றி, ஒரு பென் டிரைவில் போட்டு, மயிலாடுதுறையில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பினேன். அம்மாவின் திவசத்தன்று எல்லோரும் உட்கார்ந்து கேட்பதாக ஏற்பாடு. அன்று மத்தியானம் போன் வந்தது.

"அண்ணே, பேரெல்லாம் வருது. அம்மா குரல்தான் வரல."

பிள்ளைகள், பேரன் பேத்திகள், பக்கத்து வீட்டுக்காரர் குடும்பம் எல்லோரும் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டி வாய் திறக்கவில்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நன்றாக ஒலித்தது, தங்கை வீட்டுச் சின்னப் பெட்டியில் ஒலிக்கவில்லை.

காரணம் எளிது. ஒரு துண்டை விரிக்க அதற்குரிய நினைவகம் வேண்டும். இரண்டு சானல், ஸாம்பிளுக்கு 4 பைட் என்று வைத்தால், 4608 அளவுக்கு 36,864 பைட் போதும். 16,384-க்கு 1,31,072 பைட் வேண்டும். கம்ப்யூட்டருக்கு இது கொசுறு. சின்னப் பெட்டியைச் செய்தவர் பொது வரம்பை நம்பி அளவாக இடம் விட்டிருப்பார். 2020 ஜூலையில் நம் நாக்பூர் டிவிஷனிலிருந்து கோர்பாவுக்கு, 4 காலி ரேக்குகளைக் கோத்து 2.8 கிலோமீட்டர் நீளத்தில் "சேஷ்நாக்" என்று ஒரு வண்டி விட்டார்கள் அல்லவா? மெயின் லைனில் ஓடலாம். ஆனால் வழியில் ஒரு சாதாரண ஸ்டேஷனின் லூப் லைனில் ஒதுங்க வேண்டும் என்றால் எங்கே ஒதுங்குவது? லூப் லைன் அளவுக்குத்தான் வண்டி. சிக்னல் பிரிவில் இருந்த நானே சிவப்பு விளக்கைத் தாண்டி ஓட்டியிருக்கிறேன்.

அதைவிட மனதை உறுத்தியது இன்னொன்று. சில மாதம் கழித்து அந்த பென் டிரைவை வாங்கிச் சோதித்தபோது, ஒரு கோப்பு கெட்டிருப்பதாகத் தெரிந்தது. ஃபிளாக்கில் ஒரு துண்டில் பழுது வந்தால், அந்தத் துண்டுதான் போகும். அடுத்த துண்டிலிருந்து மீண்டும் ஒலிக்கும். ஆனால் ஒரே ஒரு பிட் கெட்டாலும் அந்தத் துண்டு முழுவதும் மௌனம். நான் போட்டுக் கேட்டேன். 0.37 வினாடி மௌனம். அந்த இடத்தில் இருந்தது "தம்பி" என்ற சொல். அதற்குச் சரியாக அவ்வளவு நேரம்தான் ஆகிறது.

நல்லவேளையாக வீட்டு ஹார்ட் டிஸ்கில் இன்னொரு பிரதி நலமாக இருந்தது. 4096 அளவில் வைத்திருந்தால் போயிருப்பது கால் சொல். பிளாக் அளவு என்பது இடத்தின் கணக்கு மட்டுமல்ல, ஒரு விபத்தில் எத்தனை வேகன் கவிழும் என்ற கணக்கும்தான் என்பது அன்றுதான் புரிந்தது.

திருத்தக்கூடிய தவறு

ஓர் ஆறுதல் உண்டு. பிளாக் அளவைத் தவறாக வைத்துவிட்டால் கேசட்டை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. இழப்பில்லாத சுருக்கம் ஆயிற்றே! பழைய ஃபிளாக் கோப்பையே கொடுத்து, புது அளவில் எழுதச் சொன்னால் எழுதிவிடும். உள்ளே உள்ள ஒலி, எண்ணுக்கு எண் அதேதான். இரண்டின் கைரேகையையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒரு ராத்திரியில் எல்லாவற்றையும் 4096-க்கு மாற்றிவிட்டேன். அடுத்த வாரம் தங்கை வீட்டுப் பெட்டி பேசியது. போனை அதன் பக்கத்தில் பிடித்தார்கள். சேவல் கூவுவதுகூடக் கேட்டது.

எம்.பி.3-ஆக மாற்றிக் கேசட்டைத் தூக்கி எறிந்தவருக்கு இந்த வழி கிடையாது. அது திருத்த முடியாத தவறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், பிளாக் அளவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

நான் வாங்கிய சிக்கனம் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். பதினோரு மணி நேரக் கேசட்டுகள், சுருக்காமல் ஏறத்தாழ 7 ஜி.பி.; சுருக்கினால் 4 ஜி.பி. அதில் நூற்றுக்கு 0.6 என்றால், ஏறத்தாழ 25 எம்.பி. போனில் எடுக்கும் நாலைந்து போட்டோவின் இடம். இதற்காகவா திவசத்தன்று எல்லோரையும் காத்திருக்க வைத்தேன்?

சுருக்கமாகச் சில வழிமுறைகள்

1. கேசட்டுக்கும் சி.டி.க்கும், அதாவது 44,100 அல்லது 48,000 வேகத்தில், பிளாக் அளவு 4096. மென்பொருள் தானே வைப்பதும் பெரும்பாலும் இதுதான். 0 முதல் 8 வரை உள்ள நிலைகளில், 0, 1, 2 மட்டும் 1152. 3 முதல் 8 வரை 4096. ஒன்றும் தெரியாவிட்டால், அதன் வழக்கமான 5-ஆம் நிலையைத் தொடாமல் விடுங்கள்.

2. நிலை எண் கூடினால் நேரம்தான் கூடும். கோப்பு சற்றே சிறியதாகும். ஒலியின் தரம் எல்லா நிலையிலும் ஒன்றே.

3. 96,000 அல்லது 1,92,000 வேகத்தில் பதிவு செய்திருந்தால், 4096 என்பது முறையே 0.043, 0.021 வினாடிதான். அங்கே 8192 வைத்துப் பார்க்கலாம், வரம்புக்கு உட்பட்டதே. சிறிய கோப்பு எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

4. "வரம்பை மீறு" என்ற கட்டளையை எக்காரணம் கொண்டும் தராதீர்கள்.

5. எழுதி முடித்ததும் சோதனைக் கட்டளை கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கொடுங்கள். பண்டிகை நாளை ஒட்டி வைத்துக்கொண்டால் மறக்காது.

6. குறைந்தது இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு ஊரில். என்னுடையது ஒன்று இங்கே, ஒன்று மயிலாடுதுறையில்.

7. கோப்புக்குள் பெயர், உறவு, ஊர், ஆண்டு எழுதுங்கள். குரல் யாருடையது என்று தெரிந்தவர்கள் நாம்தான். நமக்குப் பின் சொல்ல ஆள் இல்லை.

8. கேசட்டை எறியாதீர்கள்.

பொங்கல் பந்தியில் கேட்ட அம்மையாருக்கு இதுவே என் பதில். கடைக்காரரிடம், "ஃபிளாக், 4096, இரண்டு பிரதி" என்று சொல்லுங்கள். கடையில் கொடுக்க மனமில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை நம் சங்க நூலகத்துக்குக் கேசட்டைக் கொண்டுவரலாம். என் பழைய டேப் ரிக்கார்டரின் ஹெட்டைச் சுத்தம் செய்து தயாராக வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். அதைக் குறைக்க எந்தச் சூத்திரமும் இல்லை. உட்கார்ந்து முழுவதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதுவும் நல்லதற்கே.